சிகிரியா: வாயிலில் இருந்து உச்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் பழைய மன்னன் ஒருவன் அரண்மனை கட்டிய பாறைக் குன்றான சிகிரியாவுக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஒன்று, ஏறும் வழியின் பெரும்பகுதி குன்றின் மேற்கு முகத்தில் போகிறது. காலையில் அந்தப் படிகள் குன்றின் நிழலிலேயே இருக்கும். நண்பகல் நெருங்கியதும் வெயில் நேராக முதுகில் இறங்கும், பாறையும் சூடேறி அனலைத் திருப்பி அடிக்கும். இரண்டு, உள்ளே போகும் வழி வேறு, வெளியே வரும் வழி வேறு. மேற்கு வாயிலில் நுழைந்து தெற்குப் பக்கம் வெளியேறுகிறோம். "தோட்டத்தை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டுப் போனவர்கள் அதைப் பார்க்காமலேதான் திரும்புகிறார்கள்.

ஆகவே அதிகாலையில் போக வேண்டும், போகும்போதே தோட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் வரிசை இதை வைத்துப் போட்டதுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு

மேலே நின்று "இதை ஏன் இங்கே கட்டினான்?" என்று கேட்காதவர்கள் இல்லை. தாதுசேனன் என்ற அனுராதபுர மன்னனுக்குப் பட்டத்தரசி அல்லாத மனைவியிடம் பிறந்த மகன் காசியப்பன். தந்தையைக் கொன்று அரியணையைப் பிடித்தான். முறைப்படி பட்டத்துக்கு உரிய தம்பி மொகல்லானன் இந்தியாவுக்குத் தப்பி ஓடினான். தம்பி படையோடு திரும்பி வருவான் என்ற அச்சத்தில் காசியப்பன் தலைநகரை அனுராதபுரத்திலிருந்து இந்தக் குன்றுக்கு மாற்றினான் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம். ஆண்டது 477 முதல் 495 வரை, 18 ஆண்டுகள். தம்பி சொன்னபடி வந்தான். காசியப்பன் குன்றை விட்டு இறங்கிச் சமவெளியில் போரிட்டுத் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டான். குன்று மறுபடியும் பிக்குகளின் கைக்குப் போனது. அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே பிக்குகள் குகைகளில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள், இறங்கும் வழியில் அது தேவைப்படும்.

யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் 1982-இல் சேர்ந்தது. இடத்தை நிர்வகிப்பது மத்திய கலாசார நிதியம்.

எப்போது போவது

இது உலர் வலயம். மழை பெரும்பாலும் ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை. அந்த மாதங்களில் போகக்கூடாது என்றில்லை. ஆனால் இரும்புப் படிகளும் தேய்ந்த கற்படிகளும் வழுக்கும், இடி மின்னலோடு மழை வந்தால் உச்சியில் ஒதுங்க இடமே கிடையாது. பிப்ரவரி தொடக்கம் முதல் ஏப்ரல் வரையும், ஜூன் முதல் செப்டம்பர் வரையும் நல்ல காலம். பின்னதில் உச்சியில் காற்று பலமாக வீசும், தொப்பிக்கு நாடா வேண்டும்.

போயா நாள் (முழுநிலவு விடுமுறை), சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரம், ஆகஸ்ட், டிசம்பர் பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, இவற்றைத் தவிருங்கள். படிகள் பல இடங்களில் ஒருவர் பின் ஒருவராகப் போகும் அகலம்தான். முன்னால் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா போனால் இரும்புப் படியிலேயே அரை மணி நேரம் வெயிலில் நிற்க நேரும்.

போய்ச் சேர்வது

தம்புள்ளை - ஹபரணை சாலையில் இனாமலுவச் சந்தியில் கிழக்கே திரும்பினால் ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் சிகிரியா. கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், காரில் நான்கு மணி நேரம். கண்டியிலிருந்து சுமார் 90, இரண்டரை மணி நேரம். திருகோணமலையிலிருந்து வருகிறவர்கள் ஹபரணை வழியாகவே வந்துவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 சாலையில் தம்புள்ளை சுமார் 250 கிலோமீட்டர். கண்டி போகும் பஸ்ஸில் ஏறித் தம்புள்ளையில் இறங்கினால் போதும்.

தம்புள்ளை பஸ் நிலையத்திலிருந்து சிகிரியாவுக்கு உள்ளூர் பஸ் பகல் முழுக்க ஓடுகிறது. சுமார் 40 நிமிடம். ரயிலில் வர விரும்பினால் திருகோணமலை, மட்டக்களப்புப் பாதையில் இருக்கும் ஹபரணைதான் அருகில் உள்ள நிலையம். அங்கிருந்து முச்சக்கர வண்டி. ஏறுமுன் தொகையைப் பேசிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து விடியற்காலை கிளம்பி அன்றே ஏறித் திரும்பும் திட்டம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் வாயிலுக்கு வரும்போது 10 மணியாகிவிடும், அதாவது சுற்றுலா பஸ்களும் வெயிலும் வரும் அதே நேரம். முந்தின நாள் மாலையே வந்து சிகிரியா கிராமத்திலோ இனாமலுவையிலோ தங்குங்கள். வீட்டு விடுதிகள் நிறைய, எளிய அறைகளுக்குக் குறைவில்லை.

டிக்கெட்

இலங்கையர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவர்களுக்கு டொலரில் வேறு விலை. வெளிநாட்டுக் கட்டணம் பல ஆண்டுகள் 30 டொலராக இருந்து பின்னர் 35-க்கு ஏறியது. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், கடவுச்சீட்டைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். அசலையே எடுத்துப் போங்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் கடவுச்சீட்டை விடுதிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். இலங்கையர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கனடா, லண்டனிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் தமிழிலோ சிங்களத்திலோ பேசினால் மட்டும் உள்ளூர் டிக்கெட் கிடைத்துவிடாது.

டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள். மேலே போகும் வழியிலும் சரிபார்ப்பார்கள். அருங்காட்சியகமும் இதே டிக்கெட்டில் அடங்கும்.

வாயிலில் வழிகாட்டிகள் வந்து பேசுவார்கள். உரிமம் பெற்றவரா என்று கேளுங்கள், தொகையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இன்னொரு வகையினர் உண்டு. வயதானவர்களைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் படியேற்றத் தொடங்குவார்கள், எதுவும் கேட்கமாட்டார்கள். கீழே வந்ததும் பெரிய தொகை கேட்பார்கள். உதவி வேண்டாமென்றால் முதல் படியிலேயே சொல்லிவிட வேண்டும்.

பையில் என்ன

ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர். தோட்டத்தைத் தாண்டினால் வாங்க இடமில்லை. பிடிப்புள்ள சப்பாத்து. ரப்பர் செருப்பில் ஏறுகிறவர்களைப் பார்ப்பீர்கள், இறங்கும்போது அவர்கள் படும் பாட்டையும் பார்ப்பீர்கள். குடையை விடத் தொப்பி நல்லது, குறுகிய படிகளில் குடை பின்னால் வருபவர் கண்ணைக் குத்தும். வாழைப்பழம், பிஸ்கட் எதையும் வெளியே தெரியும்படி பிடிக்காதீர்கள். குரங்குகள் பொலித்தீன் பையின் சரசரப்பைக் கேட்டே வந்துவிடும். வாசனைத் திரவியம் பூசாமல் வாருங்கள், காரணம் குளவி. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறோம். ட்ரோனுக்கு முன்அனுமதி இல்லாமல் இடமில்லை.

படி 1: நீர்த் தோட்டம், 20 முதல் 30 நிமிடம்

6.30-க்கு வாயிலில் இருங்கள். அகழியைத் தாண்டியதும் நேர்கோட்டில் ஒரு பாதை குன்றை நோக்கி ஓடுகிறது. அகழியில் முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கிறார்கள், வேடிக்கைக்காக அல்ல.

எல்லாரும் குன்றையே பார்த்தபடி நடப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். பாதையின் இரு பக்கமும் ஒரே அமைப்பில் குளங்கள், வலப்பக்கம் இருப்பது இடப்பக்கமும் இருக்கும். கொஞ்சம் உள்ளே போனால் பாதையோரத்தில் ஆழமில்லாத கல் ஓடைகளும், வட்டமான சுண்ணாம்புக்கல் தகடுகளும் தெரியும். தகட்டின் மேல் ஒழுங்காகத் துளைகள். அவைதான் நீரூற்றுகள். மேட்டிலுள்ள நீர் நிலத்தடிக் குழாய் வழியாக இறங்கி, உயர வேறுபாட்டின் அழுத்தத்தில் துளை வழியே மேலே பீறிடும். இயந்திரம் எதுவும் கிடையாது. நல்ல மழைக்காலத்தில் இன்றும் அவற்றில் நீர் எழுகிறது. மழை மாதங்களில் போவதற்கு இருக்கும் ஒரே பெரிய லாபம் இதுதான்.

இடிந்த செங்கற் கரைதானே என்று இந்தப் பகுதியை ஐந்து நிமிடத்தில் கடக்கிறார்கள். எங்களைக் கேட்டால் உச்சி அரண்மனையை விட இங்கேதான் பார்க்க அதிகம். உச்சியில் மிஞ்சியது அடித்தளம் மட்டும். இங்கே அமைப்பு முழுசாகத் தெரிகிறது.

படி 2: பாறைத் தோட்டமும் மேடைத் தோட்டமும்

நேர்கோடு முடிந்து பாதை பெரும் பாறைகளுக்கிடையே வளைகிறது. பாறைகளின் மேல் வெட்டப்பட்ட சிறு பள்ளங்களைப் பலர் படி என்று நினைக்கிறார்கள். அவை செங்கற் சுவருக்குப் பிடிமானமாக வெட்டிய அடிப்பள்ளங்கள். ஒவ்வொரு பாறை மேலும் ஒரு கட்டடம் நின்றிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வெறும் பாறைக்காடு ஒரு தெருவாக மாறிவிடும்.

இங்கே நிற்க வேண்டாம், இறங்கும்போது இந்தப் பகுதியின் தென்பாதி வழியாகத்தான் வருவீர்கள். படிகளில் ஏறிக்கொண்டே இருங்கள். முட்டு வலி உள்ளவர்கள், இதயச் சிகிச்சை எடுத்தவர்கள் மேடைத் தோட்டம் முடியும் இடத்தில் ஒரு முடிவெடுத்துவிடுவது நல்லது. மொத்தப் படிகள் சுமார் 1,200. இதற்கு மேல் ஒதுங்கி உட்கார இடம் குறைவு.

படி 3: ஓவியங்கள்

குன்றின் பக்கச்சுவரை ஒட்டிய நடைபாதையிலிருந்து கம்பிக்கூடு போட்ட இரும்புச் சுழற்படி ஒன்று மேலே போகிறது. பாறையில் இயற்கையாக விழுந்த குழிவில்தான் ஓவியங்கள். உயரம் ஆகாதவர்கள் இந்தச் சுழற்படியை விட்டுவிட்டு நேராகக் கண்ணாடிச் சுவருக்குப் போகலாம். இரும்புப் பலகையின் இடைவெளியில் தரை தெரியும், கீழே பார்க்காமல் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து ஏறுங்கள்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே அகழாய்வு நடத்திய தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல் 22 உருவங்களைக் கணக்கிட்டார். எல்லாம் பெண்கள். இடைக்குக் கீழே மேகம் மறைக்கிறது. ஒருத்தி பூத்தட்டு ஏந்தியிருக்கிறாள், ஒருத்தி இதழைக் கிள்ளி உதிர்க்கிறாள். இவர்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை: அப்சரஸ் என்பார் ஒருவர், அந்தப்புரப் பெண்கள் என்பார் இன்னொருவர், மேகமும் மின்னலும் என்பார் வேறொருவர். கைகளை உற்றுப் பாருங்கள். ஓவியன் கையை ஓரிடத்தில் வரைந்து, பிடிக்காமல் இன்னோரிடத்தில் மாற்றிய கோடு ஓர் உருவத்தில் அப்படியே தெரியும். 

படம் எடுக்க முழுத்தடை. காவலர் பக்கத்திலேயே நிற்பார். "ஒன்றே ஒன்று" என்ற பேச்சு எடுபடாது, ஃபோனை வாங்கிப் படத்தை அழிக்கச் சொல்வார்கள். 1967-இல் விஷமிகள் ஏறி வந்து இந்த ஓவியங்கள் மேல் பச்சை வண்ணத்தைப் பூசினார்கள். அதைச் சீராக்கப் பெரும்பாடு பட்டார்கள். அந்த அனுபவம் இருக்கும்போது கெடுபிடி நியாயமானதே. படம்தான் வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தில் நகல்கள் இருக்கின்றன.

படி 4: கண்ணாடிச் சுவர்

இறங்கி நடைபாதையில் தொடர்ந்தால் இடப்பக்கம் மஞ்சள் கலந்த பழுப்பில் ஓர் உயரச் சுவர். செங்கல் கட்டி, மேலே சாந்து பூசி, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியது. இப்போது பளபளப்பு மங்கிவிட்டது. சரிவாக வரும் ஒளியில் பார்த்தால் மட்டும் மினுக்கம் தெரியும்.

அந்தச் சுவரில் பழைய பயணிகள் கீறிய பாட்டுகள் இருக்கின்றன. ஓவியப் பெண்களைப் பார்த்து மயங்கியும், கோபித்தும், கேலி செய்தும் எழுதியவை. தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான 685 பாட்டுகளைப் படித்து 1956-இல் வெளியிட்டார். பெரும்பாலும் பழஞ்சிங்களம், வடமொழியிலும் தமிழிலும் எழுதியவர்களும் உண்டு. எழுத்துகள் மிகச் சிறியவை, மெல்லியவை. வெறுங்கண்ணால் நடந்துகொண்டே பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, ஒளி சுவரை உரசிப் போகும் கோணத்தில் பாருங்கள்.

தொடக்கூடாது. நீங்களும் பெயர் எழுதக்கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது: 2015-இல் இந்தச் சுவரில் பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்தார்கள். பிறகு ஜனாதிபதி மன்னிப்பு அளித்துத்தான் வெளியே வந்தார்.

படி 5: சிங்க மேடையும் குளவியும்

நடைபாதை முடிந்து குன்றின் வடக்குப் பக்கம் ஒரு பரந்த மேடைக்கு வருவீர்கள். செங்கல்லும் சாந்தும் கொண்டு செய்த இரண்டு பெரிய பாதங்கள், நகங்களோடு. ஒரு காலத்தில் மேலே சிங்கத்தின் தலையும் மார்பும் இருந்தன, வாய் வழியாகப் படி போனது. இப்போது பாதமும் தொடக்கப் படிகளும் மட்டும்.

இங்கே பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். மேலே நிமிர்ந்து பாறையின் விளிம்புக்கடியில் பாருங்கள், கருத்த கூடுகள் தொங்கும். சத்தம் போடாதீர்கள் என்ற பலகையும் இருக்கும். கூட்டத்தின் கூச்சல், கடும் வாசனை, சிகரெட் புகை, கல்லெறி, எதுவும் அவற்றைக் கிளப்பிவிடும். குன்றின் முகத்தில் படியில் நிற்கும் ஆளுக்கு ஓட இடமில்லை என்பதுதான் ஆபத்து. குளவி கிளம்பினால் கையை வீசி விரட்டாதீர்கள். துணியால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, காவலர் காட்டும் வழியில் வலைபோட்ட கூண்டுக்குள் போங்கள். சில நாள் குளவி காரணமாக மேலே விடமாட்டார்கள். அன்று வாக்குவாதம் செய்து பயனில்லை. குளவிக் கடி ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தோடு வர வேண்டும், இல்லாவிட்டால் இந்த மேடையோடு திரும்பிவிடுவதே புத்தி.

படி 6: கடைசி ஏற்றம்

பாதங்களுக்கு நடுவே ஏறினால் பாறையில் அறைந்த இரும்புப் படிகள். 15 முதல் 20 நிமிடம். பக்கத்துப் பாறையில் வரிசையாக வெட்டுத்தடங்கள் தெரியும், பழைய செங்கற்படி பிடித்து நின்ற இடம் அது. கைப்பிடியை விடாதீர்கள், ஃபோனைப் பைக்குள் போடுங்கள். தலை சுற்றினால் பாறைப் பக்கம் திரும்பி நின்று மூச்சு வாங்குங்கள். கைக்குழந்தையை மார்போடு கட்டித் தூக்குவது பாதுகாப்பு. தோளில் உட்கார வைத்து ஏறுவது வேண்டாம்.

உச்சி சுமார் 1.6 ஹெக்டேயர், அடுக்கடுக்காக இறங்கும் மேடைகள். பாறையிலேயே குடைந்த பெரிய குளம் ஒன்று, சுமார் 27 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம். கிழக்கு நோக்கிய கல் ஆசனம் ஒன்று. மற்றபடி அடித்தளச் செங்கல். மேற்கு விளிம்புக்குப் போய் நீங்கள் வந்த தோட்டத்தைப் பாருங்கள்: கீழே நடந்தபோது துண்டு துண்டாகத் தெரிந்த குளங்கள் மேலிருந்து ஒரே வரைபடமாக விரியும். வடக்கே தெரியும் குன்று பிதுரங்கல. விளிம்பில் தடுப்பில்லாத இடங்களில் சுயபடம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள். முக்கால் மணி நேரம் போதும்.

இறங்குவது

ஏறியதைவிட இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். பக்கவாட்டில் காலை வைத்து மெதுவாக இறங்குங்கள். சிங்க மேடைக்குக் கீழே வழி பிரிந்து தெற்குப் பக்கம் போகும்.

அந்த வழியில் ஆசனம் குடைந்த பெரும்பாறையும், நாகம் படம் எடுத்தது போன்ற குகையும் வரும். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய புருவம் இருக்கிறது. அதற்குக் கீழே கிறிஸ்துவுக்கு முந்தைய பிராமி எழுத்து, குகையைப் பிக்குகளுக்குக் கொடுத்த செய்தி. மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளைப் பார்த்தவர்களுக்குப் புருவமும் எழுத்தும் உடனே பிடிபடும், வெட்டிய முறையே அதுதான். கூரையில் பழைய வண்ணத்தின் திட்டுகளும் மிஞ்சியிருக்கின்றன.

வெளியேறும் இடம் தெற்கு வாகன நிறுத்தம். காலையிலேயே ஓட்டுநரிடம் "தெற்குப் பக்கம் வந்து நில்லுங்கள்" என்று சொல்லாவிட்டால் அவர் மேற்கு வாயிலில் காத்திருப்பார், நீங்கள் களைத்த காலோடு சுற்றி நடக்க வேண்டும். மரச்சிற்பக் கடைக்காரர்கள் சூழ்வார்கள். வேண்டாமென்றால் விலை கேட்காதீர்கள்.

அருங்காட்சியகம் 2009-இல் திறந்தது. ஏறி முடித்த பிறகு பார்ப்பதே நல்லது, அகழாய்வில் கிடைத்தவை எங்கே இருந்தவை என்று அப்போது புரியும். ஏற முடியாத பெரியவர்கள் நீர்த் தோட்டத்தையும் இதையும் பார்த்தாலே டிக்கெட் வீணில்லை.

மிச்ச நாளை என்ன செய்வது

இந்த வேகத்தில் போனால் 10.30-க்குள் கீழே இருப்பீர்கள். மதியம் ஓய்வு. மாலையில் பிதுரங்கல ஏறலாம், சிகிரியாக் குன்றை முழுதாகப் பார்க்க அதுதான் இடம். அது விகாரைக்குச் சொந்தமான மலை, தனிக் கட்டணம், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கடைசிப் பகுதியில் பாறைகளைக் கையால் பற்றி ஏற வேண்டும். அஸ்தமனம் பார்க்கப் போகிறவர்கள் தலைவிளக்கு கொண்டு போங்கள், இருட்டில் அந்தப் பாறைகளில் இறங்குவது விளையாட்டல்ல.

இரவில் ஹபரணைப் பக்கம் போவதைத் தவிருங்கள். சிகிரியாவைச் சுற்றிய காட்டுச் சாலைகளில் அந்தி சாய்ந்ததும் யானைகள் இறங்கும். மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் போகிறவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள், தின்ன எதுவும் நீட்டாதீர்கள். அது நகரும்வரை காத்திருங்கள், நகராவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.